பயந்த நாயை ஃபாஸ்டர் எடுக்கிறீர்களா? சென்னை ஃபிளாட்வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

மீட்கப்பட்ட ஒரு நாய்க்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை சில வாரமோ சில மாதமோ நம் வீட்டில் இடம் கொடுப்பதைத்தான் ஃபாஸ்டர் என்கிறார்கள். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் நாய் கிடைத்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஆளைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொள்கிற, சோறு வைத்தாலும் நாம் நகரும்வரை தொடாத நாய் கிடைத்தவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஜூலி அந்த ரகம். செவலை நிறம், நாட்டு நாய், இரண்டு வயது இருக்கும் என்றார்கள். இதைப் பற்றிப் படிக்கக் கிடைத்தவை எல்லாம் பின்பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. குக்கர் விசில், லிஃப்ட், வாசலில் மணியடிக்கும் டெலிவரி பையன், அசோசியேஷன் செயலாளர் ஆகியோரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

1. நாய்க்கு முன்னால் காகிதம்

நாயைப் பார்த்ததும் மனசு இளகிவிடும். அப்புறம் காகிதம் கேட்கத் தோன்றாது. அதனால் முதலிலேயே கேளுங்கள்.

வேண்டியவை இவை: தடுப்பூசிப் புத்தகம் (ஊசி மருந்தின் ஸ்டிக்கரும் டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும்), கருத்தடை செய்திருந்தால் அதன் சான்று, கடைசியாகக் குடற்புழு மாத்திரை கொடுத்த தேதி, ஏற்கெனவே நோய் இருந்திருந்தால் ரத்தப் பரிசோதனைத் தாள்கள். காதோரம் சின்னதாக வெட்டு இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் தடுப்பூசிக்கு அப்படி உடம்பில் அடையாளம் எதுவும் கிடையாது. எங்களுக்கு நாயைக் கொடுத்த காப்பகம் "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று வாயால் சொன்னதோடு சரி. புத்தகம் வரவே இல்லை. டாக்டரிடம் போனால், தாள் இல்லாத ஊசி போடாத ஊசிதான் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அடுத்தது ஒப்பந்தம். ஒரு பக்கத் தாள் போதும், ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்க வேண்டும்: எத்தனை நாளுக்கு? மருத்துவச் செலவு யாருடையது? தத்து எடுப்பவரைத் தேடுவது யார்? உங்களால் முடியாமல் போனால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள். ஃபாஸ்டர் என்று ஆரம்பித்து, கேட்க ஆளில்லாமல் சொந்த நாயாகிப்போன கதை நிறைய உண்டு. சொந்தமாக வளர்க்க ஆசைப்பட்டு வைத்துக்கொள்வது வேறு, மாட்டிக்கொள்வது வேறு.

2. அசோசியேஷனும் மாநகராட்சியும்

"எங்கள் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது" என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். செல்லப்பிராணி வளர்ப்பதை அசோசியேஷன் தடைசெய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதன் நகல் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். ஆனால் முதல் நாளே அதை நீட்டிச் சண்டை போடாதீர்கள். பயந்த நாய்க்கு நம் மாடியில் இருப்பவர்களின் ஒத்துழைப்பு சட்டத்தைவிட அதிகம் தேவைப்படும். நாய் வருவதற்கு முந்தைய வாரமே எதிர்வீட்டிலும் வாட்ச்மேனிடமும் சொல்லிவிடுங்கள்: "பயந்த நாய், கொஞ்ச நாள் அதைக் கூப்பிட வேண்டாம், தொட வேண்டாம், கேட்டைத் திறந்து போட வேண்டாம்." வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் அடையாள அட்டை, முகவரிச் சான்று, நாயின் புகைப்படம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இப்போது கேட்கிறார்கள். கட்டணம் நெடுங்காலமாக 50 ரூபாய்தான். விண்ணப்பிக்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய். ஃபாஸ்டர் நாய்க்கு யார் பெயரில் எடுப்பது என்பதைக் காப்பகத்தோடு முதலிலேயே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். உரிமம் ஒருவர் பெயரிலும் சிப் இன்னொருவர் பெயரிலும் இருந்தால், நாய் தொலைந்த நாளில் தலைவலி.

3. வாங்க வேண்டியவை, செலவு

நீளமான பட்டியல் தேவையில்லை. உடம்போடு பொருந்தும் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, லீஷ் எனும் பிடிவார் இரண்டு (ஏன் இரண்டு என்று கீழே வரும்), உங்கள் கைபேசி எண் பொறித்த வில்லை, இரண்டு கிண்ணம், பழைய பெட்ஷீட்டுகள். இதெல்லாம் 2,000 ரூபாய்க்குள் முடியும். மெத்தை வாங்காதீர்கள். முதல் மாதம் பெரும்பாலும் தரையில்தான் படுக்கும், மெத்தையைக் கடித்துப் பிய்த்தாலும் பிய்க்கும்.

மருத்துவம்தான் பெரிய செலவு. தனியார் மருத்துவமனையில் ஆலோசனைக் கட்டணம், கூட்டுத் தடுப்பூசி (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசி), வெறிநோய் ஊசி, ரத்தப் பரிசோதனை, உண்ணி மாத்திரை எல்லாம் சேர்ந்து முதல் மாதம் 4,000 முதல் 6,000 ரூபாய் வரை ஆகலாம். செலவு கையைக் கடித்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கட்டணம் மிகக் குறைவு, சிகிச்சையும் நன்றாக இருக்கும். ஆனால் கூட்டமும் சத்தமும் அதிகம். பயந்த நாய்க்கு அந்தக் காத்திருப்பே ஒரு தண்டனை. ஒருவர் போய் டோக்கன் எடுக்க, இன்னொருவர் நாயோடு காரிலோ ஆட்டோவிலோ வெளியே காத்திருப்பது நல்லது.

4. வீட்டில் ஒரு மூலை

வீடு முழுவதையும் திறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு அறை. அதில் ஒதுங்க ஒரு இடம்: கட்டிலுக்கடி, மேசைக்கடி, அல்லது கதவு திறந்தபடி மேலே துணி போர்த்திய கூண்டு. ஒதுங்குமிடம் வாசலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். நாய் அங்கே இருக்கும்போது யாரும் குனிந்து பார்க்கக் கூடாது, கைவிட்டு இழுக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தப்பிக்க வழியில்லாத நாய்தான் கடிக்கும்.

பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள். பயந்த நாய் கம்பி இடைவெளியில் நுழையும், சுவரைத் தாண்டிக் குதிக்கும். மாடி எத்தனை என்று அது எண்ணாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால், புதிதாக வந்ததைக் குறைந்தது இரண்டு வாரம் தனியறையில் வையுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்கள் வெளியே தெரிய நாளாகும். மற்றபடி, சாதுவான வீட்டு நாய் ஒன்று இருப்பது பெரிய வரம். நீங்கள் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுப்பதை அது ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

5. கூட்டிவரும் நாள்

வார நாளில், காலையில் கூட்டிவாருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், வீட்டில் விருந்தாளி வருவார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டவே வேண்டாம். பட்டாசுக்கு அரசு காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று நேரம் குறித்திருந்தாலும், தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுவது உங்களுக்கே தெரியும்.

நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த முதல் நாட்களில்தான். வண்டியிலிருந்து இறங்கும் நொடி, வீட்டு வாசல், கேட். பயந்த நாய் பின்னோக்கி இழுத்து, தலையை உருவி, ஓடிவிடும். அதற்குத்தான் இரண்டு லீஷ்: ஒன்று ஹார்னஸில், இன்னொன்று கழுத்துப்பட்டையில். இரண்டையும் ஒரே ஆள் பிடித்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது விரல் நுழைந்தால் தளர்வு. வண்டிக் கதவைத் திறக்குமுன் லீஷ் கையில் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

படிக்கட்டு, லிஃப்ட் இரண்டையுமே அது முன்பின் பார்த்திருக்காது. தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டால் இழுக்காதீர்கள்; போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். குளிப்பாட்டுவது, டாக்டரிடம் போவது, மாமியாரிடம் காட்டுவது எதுவும் அன்று வேண்டாம். உடம்பில் காயமோ நிறைய உண்ணியோ இருந்தால் மட்டும், வரும் வழியிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

6. முதல் மூன்று நாள்: சும்மா இருங்கள்

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நாளில் திகைப்பு குறையும், மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று தோன்றும். தோராயக் கணக்குதான் அது. ரொம்பப் பயந்த நாய்க்கு இன்னும் நீளும்.

இந்த நாட்களில் அது சாப்பிடாமல் இருக்கலாம், ஒருநாள் முழுக்கச் சிறுநீர் கழிக்காமல் இருக்கலாம், பகல் முழுக்கத் தூங்குவதுபோலக் கிடக்கலாம். ஜூலி சமையலறை விளக்கை அணைத்தபிறகுதான் சாப்பிடுவாள். கிண்ணத்தின் ஓரத்தில் நின்று ஒரு வாய் எடுத்து, கட்டிலுக்கடியில் கொண்டுபோய் மென்றுவிட்டு, அடுத்த வாய்க்குத் திரும்பி வருவாள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் போய் உட்கார்ந்து கொஞ்சினால் அந்த ஒரு வாயும் நின்றுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது நேரம் தவறாமல் இருப்பது. சோறு அதே நேரம், அதே இடம். விளக்கு அணைப்பது அதே நேரம். அடுத்து என்ன நடக்கும் என்று நாய்க்குத் தெரிய வேண்டும். அது தெரியத் தெரியத்தான் பயம் குறையும். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு நாள் கடந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே தின்னாவிட்டாலோ, வாந்தி பேதி இருந்தாலோ பயம் என்று விட்டுவிடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

7. நெருங்குவது நாயின் வேலை

பெரும்பாலோர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அன்பு காட்டினால் பயம் போய்விடும் என்று நினைக்கிறோம். நேராகப் போய், முன்னால் நின்று, கண்ணைப் பார்த்து, தலைக்கு மேல் கையை நீட்டுகிறோம். தெருவில் கல்லடி பட்ட நாய்க்கு அந்தக் கை, அடிக்க ஓங்கிய கைதான்.

தரையில் உட்காருங்கள், பக்கவாட்டாக. முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கைபேசி பாருங்கள், புத்தகம் படியுங்கள், பட்டாணி உரியுங்கள். வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றைக் கையில் நீட்டாமல் நாயின் பக்கமாகத் தரையில் போடுங்கள். நாய் கொஞ்சம் உங்கள் பக்கம் வந்து எடுத்துக்கொண்டால், அடுத்த துண்டை அதற்குப் பின்னால், உங்களிடமிருந்து தள்ளிப் போடுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் இதில்தான் விஷயம் இருக்கிறது. வந்தால் விலகிப்போகவும் அனுமதி உண்டு என்று தெரிந்த நாய் மறுபடி தானாக வரும். கையிலிருந்து மட்டுமே கொடுத்தால், பசிக்காக முன்னால் வந்து பயத்தில் விறைத்து நிற்கும். அந்த நிலையில் தொட்டால் கடி.

உடம்பைப் படிக்கப் பழகுங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, சாப்பாடே இல்லாதபோது உதட்டை நக்குவது, ஒரு காலை மட்டும் தூக்கி நிற்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை வயிற்றோடு ஒட்டுவது, சட்டென்று அசையாமல் உறைவது. எல்லாமே "போதும், தள்ளிப்போ" என்பதுதான். உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் கடைசி எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

தானே வந்து உங்கள் காலை மோந்து, பக்கத்தில் நிற்கத் தொடங்கியபின் தொட்டுப் பாருங்கள். நெஞ்சிலோ கழுத்தின் பக்கவாட்டிலோ, மூன்று நொடி மட்டும். பிறகு கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே கைக்குள் முட்டும். நகர்ந்துபோனால் இன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டு ஆண்கள் மனவருத்தப்படக் கூடாது. நிறைய நாய்கள் முதலில் பெண்களிடம்தான் பழகும். ஜூலிக்குத் துடைப்பம், குடை, ஹெல்மெட் போட்ட தலை மூன்றும் ஆகாது. யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத பயம் அது. வீட்டுக்கு வெளியிலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வருவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்.

8. சாப்பாடு

நாட்டு நாய்க்கு விலை உயர்ந்த பாக்கெட் உணவு அவசியமில்லை. ஆனால் வந்த அன்றே உணவை மாற்றாதீர்கள். காப்பகத்தில் தின்றதையே கொடுத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சோறு, வேகவைத்த கோழி, முட்டை, பூசணி, கேரட் போதும். உப்பு, மசாலா வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாத நாய்கள் அதிகம். தயிர்ச்சோறு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சர்க்கரையில்லா சூயிங்கம் இவை விஷம். பிரியாணி எலும்பு கூடவே கூடாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சல் என்று தோன்றினால் டோலோவோ குரோசினோ கொடுக்காதீர்கள். நமக்கான காய்ச்சல், வலி மாத்திரைகள் நாயைக் கொன்றுவிடக்கூடும்.

9. சிறுநீரும் மலமும்

தெருவில் வளர்ந்த நாய் மண்ணைத் தேடும். டைல்ஸ் தரையில் போகத் தெரியாமல் அடக்கிக்கொண்டு தவிக்கும். பால்கனியில் அகலமான பிளாஸ்டிக் தட்டில் கொஞ்சம் மண் பரப்பி, அதன் சிறுநீர் பட்ட துணித் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாமல் துடையுங்கள். பினாயில் மட்டும் போட்டால் அந்த வாடை நமக்குத்தான் போகும், நாய்க்குப் போகாது. என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் போட்டால் அதே இடத்துக்குத் திரும்பிப் போவது குறையும்.

10. குக்கர், மிக்சி, மேளம்

நம் வீடுகள் சத்தக்காடு. முதல் வாரம் குக்கர் வைக்கும்போது அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வையுங்கள். பிறகு ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு ஈரல் துண்டு. விசில் முதலில், துண்டு அப்புறம். வரிசை மாறக் கூடாது. நாளடைவில் விசில் கேட்டதும் கட்டிலுக்கடியிலிருந்து மூக்கு வெளியே வரும். மிக்சி, அழைப்புமணி எல்லாவற்றுக்கும் இதே வழி. ஒரே நாளில் எல்லாவற்றையும் பழக்காதீர்கள். ஒரு பயம் அடங்குமுன் இன்னொன்று வந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். காலையில் சாவு மேளம் போயிருந்தால் அன்று வேறு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

பட்டாசு வேறு ரகம், பழக்கித் தீராது. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பதற்றம் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. எடைக்கு ஏற்ப அவர் எழுதித் தருவார். ஆபத்தில்லாத ஒருநாளில் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்து, நாய்க்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுப்பது தோல்வி இல்லை.

11. வெளியே போவது

அவசரமே இல்லை. பால்கனி மண்ணைப் பயன்படுத்துகிறது என்றால் முதல் இரண்டு வாரம் வெளியே போகாமலே இருக்கலாம். போகும்போது விடியற்காலை ஐந்து மணி நல்ல நேரம்: வண்டி இல்லை, வெயில் இல்லை. அந்தத் தெருவில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் மட்டும் இருக்கும். அவற்றுக்குப் பிஸ்கட் போட்டு நீங்கள் தனியாகப் போய் முன்பே நட்பாகிவிடுங்கள். புது நாயைப் பார்த்து அவை கூட்டமாகக் குரைத்தால் உங்கள் இத்தனை நாள் உழைப்பும் போச்சு. இரண்டு லீஷ் விதி மூன்று மாதம் வரை தொடரட்டும்.

12. டாக்டரிடம்

மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் ஒருமுறை போங்கள். பழைய விவரம் தெரியாத வளர்ந்த நாய்க்குக் கூட்டுத் தடுப்பூசி மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை, வெறிநோய் ஊசி, பிறகு எதை எப்போது மறுபடி போடுவது என்று அவர் புத்தகத்தில் எழுதுவார். குடற்புழு மாத்திரை எடைக்கு ஏற்ப. இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள்.

ரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுங்கள். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் அவ்வளவு சாதாரணம். ஒடுங்கிக் கிடப்பது, சாப்பிடாமல் இருப்பது, சோர்வு என்று அதன் அறிகுறிகள் பயத்தைப் போலவே இருக்கும். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றே போங்கள். பயந்த நாய் என்று நாம் நினைப்பது சில சமயம் உடம்புக்கு முடியாத நாயாக இருக்கும்.

13. கடித்துவிட்டால்

சிறு கீறல் என்றாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு தடவை; ஒன்றைக்கூட விடக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்பொருள் மருந்து) போடுவார்கள். "வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே" என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதைத் துரத்திவிட்டால் கவனிக்க நாய் இருக்காது.

அடிக்கடி ஃபாஸ்டர் எடுப்பதாக இருந்தால் நீங்களே வெறிநோய் முன்தடுப்பு ஊசி மூன்று தவணை போட்டுக்கொள்ளலாம். அப்புறம் கடிபட்டால் இரண்டு ஊசியோடு முடியும்.

14. தத்து கொடுக்கும்போது

நாய் உங்களிடம் பழகிவிட்டதும் தத்து விளம்பரம் போடுவார்கள். அதில் "ரொம்ப ஃபிரெண்ட்லி" என்று எழுத விடாதீர்கள். உங்களிடம்தான் ஃபிரெண்ட்லி. புதிய வீட்டில் மறுபடி கட்டிலுக்கடியில் போய் ஒதுங்கும் என்பதை எடுப்பவர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அவர்களை முதலில் உங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்லுங்கள். வந்து தரையில் உட்கார்ந்து ஈரல் போடட்டும். பிறகு நீங்கள் அவர்கள் வீட்டைப் பாருங்கள்: கேட், பால்கனி, மொட்டைமாடிக் கதவு. பெரிய வீடா என்று பார்க்காதீர்கள். ஆளில்லாமல் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேளுங்கள்.

கொடுக்கும்போது கூடப் போக வேண்டியவை: தடுப்பூசிப் புத்தகத்தின் அசல், கருத்தடைச் சான்று, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து, அவர்களின் அடையாள அட்டை நகல், உரிமமும் மைக்ரோசிப் விவரமும் பெயர் மாற்றிக் கொடுத்தது, எதற்குப் பயப்படும் எப்போது சாப்பிடும் என்று எழுதிய ஒரு பக்கம், துவைக்காத பெட்ஷீட் ஒன்று. வில்லையில் கைபேசி எண்ணை அன்றே மாற்றுங்கள். முதல் வாரம் ஓடிப்போனால் உங்கள் வீட்டை நோக்கித்தான் வரப் பார்க்கும், அதனால் உங்கள் வாட்ச்மேனிடமும் சொல்லி வையுங்கள்.